திருந்தாதி மணிக்கு எடுத்த படம்

போன மாதம் மன்னார் மைதானத்தில் உதைபந்தாட்ட இறுதியாட்டம் நடந்தபோது, படம் பிடிக்கப் பழகுகிற உங்களில் ஒருவர் கமராவும் கையுமாக என்னிடம் வந்து, "ஐயா, ஆட்டத்தை எடுக்கிறதோ, சனத்தை எடுக்கிறதோ?" என்று கேட்டார். கிழவன் என்ற சலுகையில் எனக்கு முன்வரிசையில் கதிரை போட்டுத் தந்திருந்தார்கள். கையில் கச்சான் கடலைப் பொட்டலம். கோல் விழப்போகிற நேரம் பார்த்து இப்படியொரு கேள்வி. "பிறகு சொல்லுறன் தம்பி, இப்ப ஆட்டத்தைப் பாப்பம்" என்று தட்டிக்கழித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மனம் கேட்கவில்லை. சனத்தைப் படம் எடுப்பது பற்றி என்னிடம் ஒரு கதை இருக்கிறது. அதைச் சொல்லாமல் அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்ல எனக்கு வராது. அதனால் உங்கள் எல்லாருக்குமாக இதை எழுதுகிறேன்.

நான் பட்டினத்தில் ஸ்ரூடியோ வைத்திருந்தவன் என்பது உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். கலியாணம், பிள்ளைகள் நற்கருணை வாங்கும் முதல்நன்மை, அடையாள அட்டைப் படம் என்று பிழைப்பு ஓடியது. அதோடு கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்கும் படம் அனுப்பிக்கொண்டிருந்தேன். அதன் ஆசிரியர் மன்னாரை ஒருநாளும் கண்டவர் அல்லர். ஆனாலும் ஒரு நாள் தொலைபேசியில் அழைத்து, "பந்தை எல்லாரும் எடுக்கிறார்கள். உங்கள் ஊரில் ஆடுகிறவனை விடப் பார்க்கிறவன்தான் அதிகம் வியர்க்கிறானாம். எனக்குச் சனத்தை அனுப்புங்கள்" என்றார். அவர் சொன்னது முழுக்க உண்மை.

அன்றிலிருந்து நான் பந்துக்கு முதுகு காட்டப் பழகினேன். கோல் கம்பத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு கதிரையைப் போட்டு, அதில் ஏறிச் சனத்தைப் பார்த்து நிற்பேன். பந்து எங்கே போகிறது என்பது அவர்களுடைய கண்களில் தெரியும். கோல் விழுந்தால் அவர்களுடைய வாயில் தெரியும். முப்பது வருடம் அந்த மைதானத்துக்குப் போன நான் என் கண்ணால் கண்ட கோல்களைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். சனம் என்னைப் பார்த்துச் சிரிக்கும். "அண்ணை, பந்து பின்னால போகுது" என்று பெடியன்கள் கத்துவார்கள். அந்தச் சிரிப்பும் படத்தில் விழும்.

ஒருமுறை ஒரு சம்மாட்டியார், படகுகள் பல வைத்திருந்த பெரிய மனிதர், மாமனாருடைய நினைவுப் பூசைக்குப் போகாமல், அரிப்புக் கடற்கரையில் மீன்வாடி பார்க்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு ஆட்டம் பார்க்க வந்திருந்தார். பத்திரிகையில் வந்த படத்தில் நடுவிலே நின்று, வாயை அகலத் திறந்தபடி இருந்தார். இரண்டு நாள் கழித்து அவருடைய மனைவி ஸ்ரூடியோவுக்கு வந்தார். "இதைப் பெரிசாக்கித் தாங்கோ. சாப்பாட்டு மேசைக்கு நேர மாட்டவேணும்" என்றார். சம்மாட்டியார் ஒரு வருடம் என்னோடு கதைக்கவில்லை. இதை நான் போகிற இடமெல்லாம் பகிடியாகச் சொல்லித் திரிந்தேன். சனத்தை எடுத்த படம் ஒரு சாட்சி என்பது அப்போது எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

பிறகு பிரச்சினைகள் தொடங்கின. தீவிலிருக்கும் எங்கள் பட்டினத்தையும் பெருநிலத்தையும் இணைக்கிற பாலத்தடியில் இராணுவத்தின் காவலரண் வந்தது. சுற்றிவளைப்பு வந்தது. சுற்றிவளைப்பு என்றால் ஊர் ஆண்கள் எல்லாரையும் ஒரு திறந்த வெளிக்குக் கூட்டிவந்து வரிசையாக நடக்கவைப்பார்கள். ஜீப்புக்குள் முகத்தைச் சாக்கால் மூடிய ஒருவன் இருப்பான். அவன் தலையை ஆட்டினால் முன்னால் நிற்பவனுடைய கதை முடிந்தது. அப்படிப்பட்டவனை நாங்கள் தலையாட்டி என்போம். எங்கள் ஊர்களில் ஒருவனை அதைவிடக் கேவலமாகத் திட்ட வேறு சொல் இருக்கவில்லை.

அந்தக் காலத்தில் கூட ஆட்டம் நின்றுவிடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டினத்தை ஒட்டிய மீனவக் கிராமமான பள்ளிமுனையின் பெடியன்கள் ஆடிய ஆட்டம் ஒன்று மைதானத்தை நிறைத்தது. பள்ளிமுனைக்காரர் வழக்கம்போல மேற்குப் பக்கக் கயிற்றோடு நெருக்கியடித்து நின்றார்கள். நானும் வழக்கம்போலக் கதிரையில் ஏறி அவர்களைப் பார்த்து நின்றேன். பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பிய ஒரு கணத்தில் இருநூறு பேர் ஒரேயடியாகத் தலையில் கைவைத்தார்கள். அதை அப்படியே பிடித்தேன். ஒரு முகமும் அசையவில்லை, ஒரு முகமும் மறைபடவில்லை. என் வாழ்நாளில் நான் எடுத்த நல்ல படம் அதுதான் என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கையில் மாதா கோயிலில் மணி அடித்தது. மாலை ஆறு மணிக்கு அடிக்கிற அந்த மணியைத் திருந்தாதி என்போம். போர்த்துக்கேயர் விட்டுவிட்டுப் போன சொல் என்று சுவாமிமார் சொல்வார்கள். திருந்தாதி கேட்டால் வலை பொத்துகிறவனும் ஊசியை வைத்துவிட்டு எழும்பி நிற்பான். மைதானத்தில் நடுவர் ஊதத் தேவையில்லை. பந்து கிடந்த இடத்தில் கிடக்கும். ஆடுகிறவர்களும் பார்க்கிறவர்களும் தலைகுனிந்து மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லி முடிப்பார்கள். எதிர்ப்பக்கத்தில் இருக்கும் முஸ்லிம் ஆட்களும் சைவ ஆட்களும் மரியாதைக்குப் பேசாமல் நிற்பார்கள். பிறகு ஆட்டம் விட்ட இடத்தில் தொடங்கும். வெளியூரிலிருந்து முதன்முதலாக வந்த நடுவர் ஒருவர், எல்லாரும் தன்மேல் கோபித்துக்கொண்டு ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்துப் பயந்துபோன கதையும் உண்டு.

நானும் வேதக்காரன், கத்தோலிக்கன். கமராவைக் கீழே விட்டுவிட்டுத் தலைகுனிய வேண்டியவன். ஆனால் அந்த அமைதியும் அத்தனை குனிந்த தலைகளும் என்னை என்னவோ செய்துவிட்டன. ஒரு படம் எடுத்தேன். அந்த அமைதியில் கமராவின் சத்தம் கோயிலுக்குள் செம்பு விழுந்ததுபோல் கேட்டது. முன்னால் நின்ற கோயில் மூப்பர் செபம் முடியும்வரை பொறுத்திருந்துவிட்டு, "செபம் சொல்லேக்கை படம் பிடிக்கிற நீர் என்ன வேதக்காரன் ஐசே?" என்று கேட்டார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. இருட்டறையில் அந்த நெகட்டிவைப் பார்த்தபோதும் வெட்கம்தான் வந்தது. வெளிச்சம் மங்கல், படம் கொஞ்சம் சரிவு. முகமே இல்லாத படம் பத்திரிகைக்கு எதற்கு? சின்னப் பிரதிகள் போட்ட தாளில் அதன்மேல் பென்சிலால் குறுக்குக்கோடு போட்டு ஒதுக்கிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஸ்ரூடியோ வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். காலில் வயற்சேறு காய்ந்திருந்தது. பெருநிலத்தில் கட்டுக்கரைப் பக்கத்து விவசாயக் குடும்பம் என்று பார்த்தவுடன் தெரிந்தது.

"தம்பி, ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில சனத்தைப் பாத்துப் படம் பிடிச்சது நீங்களோ?"

"ஓம், அம்மா. என்ன விஷயம்?"

"என்ர மகன் அதில நிண்டவன். அவன் நிண்டது எண்டு காட்ட எனக்கு ஒரு படம் வேணும்."

இருக்கச் சொல்லித் தண்ணீர் கொடுத்துக் கேட்டேன். மகனின் பெயர் தவம். பத்தொன்பது வயது. பள்ளிமுனையில் யூட் என்று அவனுக்கு ஒரு சிநேகிதன். யூட் கூப்பிட்டு, ஆட்டம் பார்க்கத் தீவுக்கு வந்தான். முதல்முறை. அன்று மாலை ஆறு மணிக்குப் பாலத்தடிக் காவலரணில் குண்டு வெடித்தது. அடுத்த நாள் காலை ஊருக்குத் திரும்பப் பேருந்தில் வந்தவனைப் பாலத்தடியில் இறக்கிவிட்டார்கள். பெருநில அடையாள அட்டை. தீவில் சொந்தக்காரர் இல்லை. ஆறு மணிக்கு எங்கே நின்றாய் என்று கேட்டார்கள். மைதானத்தில் என்றான். நம்பவில்லை. புதன்கிழமை ஒரு வாகனம் தெற்கே தடுப்பு முகாமுக்குப் போகும், அதில் இவனும் போவான் என்று இராணுவ முகாம் வாசலில் தாய்க்குச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த வாகனத்தில் போனவர்கள் எப்போது திரும்பினார்கள், திரும்பினார்களா என்பது எங்களுக்குத் தெரியும்.

"யூட்தான் முகாமுக்கு வந்து சொல்லுறன் எண்டு நிண்டவன்," என்றார் அந்தத் தாய். "நான்தான் வரவேண்டாம் எண்டனான். பெடியன் உள்ளுக்குப் போனா அவனையும் வச்சிருப்பாங்கள். அவன்ர தாய்தான் சொன்னவா, படம் பிடிக்கிற ஆள் ஒருத்தர் கதிரையில ஏறி எங்களைப் பாத்துக்கொண்டு நிண்டவர், அவரிட்டைப் போங்கோ எண்டு."

நான் உள்ளே ஓடிப்போய் அந்த நல்ல படத்தை எடுத்துவந்தேன். பத்திரிகைக்கென்று ஏற்கெனவே பெரிதாகப் போட்டுவைத்திருந்தேன். மேசையில் விரித்த கணமே அவர் மகனைக் கண்டுவிட்டார். முன்வரிசையில் தலையில் கைவைத்தபடி நின்றான். பக்கத்தில் நின்றவன் அவன் கழுத்தைச் சுற்றிக் கை போட்டிருந்தான்.

உண்மையைச் சொல்கிறேன். எனக்குப் பெருமையாக இருந்தது. என் படம் ஒரு பிள்ளையைக் காப்பாற்றப் போகிறது என்று நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. உறைக்குள் போட்டு அவர் கையில் கொடுக்கப்போனேன். அவர் வாங்கவில்லை. மகனைப் பார்த்துக்கொண்டிருந்த கண் மெல்ல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போனது.

"இது யூட்," என்று கழுத்தில் கை போட்டவனுடைய முகத்தில் பெருவிரலை வைத்தார். "நெல் அருவி வெட்டுக்கு வந்து நிண்டு எங்கட வீட்டில சாப்பிட்ட பிள்ளை. இது ஆர்? இதுகள் எல்லாம் ஆற்ற பிள்ளையள்?"

"எனக்கும் எல்லாரையும் தெரியாதம்மா. பள்ளிமுனைப் பெடியள்."

"இதை நான் அங்க கொண்டுபோய் மேசையில வச்சா, அவங்கள் என்ர பிள்ளையை மட்டுமே பாப்பாங்கள்?"

அதுவரை அந்த நினைப்பு என் மண்டையில் ஏறவே இல்லை. இருநூறு முகங்கள், ஒன்றுகூட மங்காமல். ஜீப்புக்குள் இருக்கும் தலையாட்டி கூட ஒவ்வொருவராகத்தான் காட்டுவான்.

"என்ர பிள்ளையை எடுக்கப் போய் மற்றத் தாய்மாற்ற பிள்ளையளைக் குடுக்கேலாது, தம்பி. இது வேண்டாம்."

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேலா என்மேலா என்று தெரியவில்லை. "நாளைக்கு வாகனம் போயிடும் அம்மா. யோசிக்க நேரமில்லை" என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். பிறகு கத்தரிக்கோலை எடுத்துத் தவத்தின் முகத்தை மட்டும் வெட்டித் தருகிறேன் என்றேன்.

"அப்ப இந்தக் கையை என்ன செய்வீங்கள்?" என்று கேட்டார். கழுத்தைச் சுற்றியிருந்த யூட்டின் கை. "இது ஆற்ற கை எண்டு அவன்ர வாயால சொல்லும்வரைக்கும் அடிப்பாங்கள்."

நீங்கள் என்னைப் பெரிய அனுபவசாலி என்று மேடையில் ஏற்றி மாலை போடுகிறீர்கள். அன்றைக்கு அந்தப் படத்தைச் சரியாகப் பார்த்தவர், வாழ்க்கையில் கமராவைக் கையால் தொட்டிராத ஒரு பெண். நான் படத்தின் அழகைப் பார்த்தேன். அவர் அதில் இருந்தவர்களைப் பார்த்தார்.

வேறு என்ன இருக்கிறது என்று கேட்டார். சின்னச் சின்னப் பிரதிகளாகப் போட்டிருந்த தாளைப் பூதக்கண்ணாடியோடு கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்து ஒவ்வொன்றாகத் தள்ளினார். எல்லாவற்றிலும் யாரோ ஒருவருடைய பிள்ளை இருந்தது. கடைசியில் குறுக்குக்கோடு போட்ட படத்தில் கண்ணாடி நின்றது.

"இதில என்ன, முகமே இல்லையே?"

"அது திருந்தாதிக்கு எடுத்தது. செபம் சொல்லீனம். எடுக்கக்கூடாத நேரம். பிழையா எடுத்துப்போட்டன்."

அவர் கண்ணாடியை இன்னும் கிட்டக் கொண்டுபோனார். பிறகு சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை. "எல்லாரும் கும்பிட்டுக்கொண்டு நிக்கேக்கை என்ர சனியன் வயலுக்க கொக்கு நிண்ட மாதிரி நிக்குது" என்றார்.

எட்டிப் பார்த்தேன். குனிந்த தலைகளுக்கு நடுவே ஒரே ஒரு முகம் நிமிர்ந்து நேராகக் கமராவைப் பார்த்துக்கொண்டிருந்தது. தவம். சைவப் பெடியன், திருந்தாதியை வாழ்க்கையில் கேட்டிராதவன். நெகட்டிவில் வெட்கத்தோடு பார்த்துவிட்டு ஒதுக்கிய எனக்கு அது தென்படவே இல்லை. அவனைத் தவிர ஒருவரையும் அதில் அடையாளம் காண முடியாது. வெறும் தலைமயிர்.

அதைப் பெரிதாகப் போட்டேன். ஈரம் காய்வதற்குள் அவரோடு முகாமுக்குப் போனேன். தனியே அனுப்பியிருக்கலாம், அனுப்ப மனம் வரவில்லை. இரண்டு மணிநேரம் வெயிலில் நிற்கவைத்து உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி இளைஞர். ஆங்கிலம் கதைத்தார். படத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு மேசையில் போட்டார்.

"இது மைதானம். சரி. இவன்தான் அவன். அதுவும் சரி. இது ஆறு மணி என்று யார் சொன்னது? நான்கு மணிக்கு ஆட்டம் பார்த்துவிட்டு ஆறு மணிக்குப் பாலத்தடிக்கு வந்திருக்கலாம்."

கோயில் மணி, செபம் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஏதோ உளறினேன். நீங்கள் எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்து சொல்கிற கதை என்பதுபோல் பார்த்தார். அந்த நேரம் மூலையில் தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் இருந்த சிப்பாய் எழும்பி வந்தார். நீர்கொழும்புப் பக்கத்துச் சிங்களக் கத்தோலிக்கர் என்று பிறகு அறிந்தேன். மேற்சட்டைப் பொத்தான் திறந்திருந்தது. கழுத்தில் மாதாவின் உத்தரியம் கிடந்தது. படத்தைக் குனிந்து பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் அவருடைய கை சிலுவை போடத் தானாகவே நெற்றிக்குப் போகப் பார்த்தது.

"ஹவச ஹயட்ட, சேர்," என்றார். மாலை ஆறு மணிக்கு என்று பொருள்.

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். சிப்பாய் சிங்களத்தில் மெதுவாக விளக்கினார். எனக்குப் பாதிதான் விளங்கியது. எங்கள் ஊரிலும் இப்படித்தான், கடற்கரையில் வலை இழுக்கிறவர்களும் இப்படித்தான் நிற்பார்கள், வேறு எந்த நேரத்திலும் மைதானத்தில் சனம் இப்படி நிற்காது என்றார். தன் அம்மாவும் அந்த நேரத்தில் இப்படி நிற்பார் என்றும் சொன்னார் என்று நினைக்கிறேன்.

அதிகாரி படத்தை மறுபடி எடுத்தார். "அப்படியானால் இவன் ஏன் குனியவில்லை?"

"அவன் வேதக்காரன் இல்லை, சேர். கட்டுக்கரைப் பெடியன். மணி என்னவென்று அவனுக்குத் தெரியாது" என்றேன்.

அந்தத் தாய்க்கு ஆங்கிலமும் சிங்களமும் தெரியாது. எங்கள் ஒவ்வொருவருடைய வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதிகாரி என்னிடம், சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டார்.

"மற்றப் படங்கள் எங்கே? ஒரு ஆட்டத்துக்கு ஒரு படமா எடுப்பாய்?"

தம்பிமாரே, தங்கைமாரே, இந்தத் தொழிலில் இப்படி ஒரு நொடி உங்களுக்கும் வரும். வெளிச்சத்தைக் கணிக்க நேரம் கிடைக்கும், இதற்குக் கிடைக்காது. "எல்லாம் பழுதாகிவிட்டது சேர். இருட்டறையில் வெளிச்சம் பட்டுவிட்டது. இது ஒன்றுதான் தப்பியது" என்றேன்.

"நல்ல படப்பிடிப்பாளன்தான்," என்றார் நக்கலாக.

"ஓம், சேர்," என்றேன். நான் தொழில் தெரியாதவன் என்று மனநிறைவோடு ஒப்புக்கொண்டது அந்த ஒருமுறைதான்.

பிற்பகல் மூன்று மணிபோலத் தவத்தை வெளியே விட்டார்கள். ஒரு கண் வீங்கியிருந்தது. தாய் அவனைக் கட்டிப்பிடிக்கவில்லை. சட்டையின் பொத்தான்களைச் சரியாகப் போட்டுவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி என் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றார். ஏன் குனியவில்லை என்று தவத்திடம் கேட்டேன். "எல்லாரும் திடீரெண்டு குனிஞ்சிட்டினம். என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. நீங்கள் ஒராள்தான் நிமிந்து நிண்டனீங்கள். அதுதான் உங்களைப் பாத்தனான்" என்றான். இன்றைக்கும் கட்டுக்கரையில் வயல் செய்கிறான். பேரப்பிள்ளை கண்டுவிட்டான்.

ஸ்ரூடியோவுக்குத் திரும்பியதும் முதல் வேலையாக அந்த ஆட்டத்தின் நெகட்டிவ்களையெல்லாம் எரித்தேன். பத்திரிகைக்கு வைத்திருந்த பெரிய பிரதியையும் சின்னப் பிரதிகள் போட்ட தாளையும் எரித்தேன். திருந்தாதிப் படத்தை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டேன், அதை அவர்கள் ஏற்கெனவே கண்டவர்கள்தானே. அடுத்த நாள் காலை சிப்பாய்கள் வந்து என் அலுமாரிகளைக் கவிழ்த்துக் கொட்டித் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. ஆசிரியர் தொலைபேசியில் ஏசினார். வாங்கிக்கட்டிக்கொண்டேன். எரித்தது சரிதான் என்று இவ்வளவு காலமும் நினைக்கிறேன், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அதோடு கதையை முடித்தால் உங்களுக்குப் பாதியைத்தான் சொன்னவனாவேன்.

போர் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு, நான் ஸ்ரூடியோவை மூடுகிற யோசனையில் இருந்தபோது, பள்ளிமுனையிலிருந்து வயதான பெண் ஒருவர் வந்தார். வெள்ளைச் சேலை, கையில் ஒரு பிளாஸ்ரிக் உறை.

"தம்பி, என்னைத் தெரியாது உமக்கு. நான் யூட்டின்ர தாய். அந்தக் காலத்தில தவத்தின்ர தாயை உம்மட்டை அனுப்பினது நான்தான்."

நான் எழும்பி நின்றேன். யூட் போரின் கடைசிக் காலத்தில் பெருநிலப் பக்கம் போனவன், திரும்பி வரவில்லை. இவர்கள் இடம்பெயர்ந்து அலைந்ததில் வீடும் போய், வீட்டிலிருந்த புகைப்பட அல்பமும் போய்விட்டது. காணாமற்போனவர்களை விசாரிக்க வருகிறவர்கள் ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். உறையிலிருந்து அதை எடுத்து விரித்தார். எல்லாம் நிரப்பியிருந்தது. படம் ஒட்டுகிற கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது.

"எல்லாத் தாய்மாரும் நெஞ்சில படத்தைப் பிடிச்சுக்கொண்டு இருக்கினம். என்னட்டை ஒண்டும் இல்லை. அண்டைக்குத் தவத்தோட சேந்து நிண்ட படம் ஒண்டு, முகம் வடிவாத் தெரியுற படம், உம்மட்டை இருக்கெண்டு தவத்தின்ர தாய் செத்துப்போக முதல் சொன்னவா."

ஒரு கையைத் தலையில் வைத்து, மற்றக் கையைத் தவத்தின் கழுத்தைச் சுற்றிப் போட்டபடி நின்ற யூட்டின் முகம் எனக்கு அப்படியே கண்ணில் நின்றது. இவருக்கு அதைக் கொடுக்க என்னிடம் இல்லை. எரித்துவிட்டேன் என்று சொன்னேன். உங்கள் மகனுக்காகத்தான் எரித்தேன் என்றும் சொன்னேன். அவர் தலையை மட்டும் அசைத்தார். ஏசியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

வேறு வழியில்லாமல் திருந்தாதிப் படத்தை எடுத்துவந்து மேசையில் வைத்தேன். "இதிலயும் நிக்கிறான் அக்கா. ஆனா எல்லாரும் குனிஞ்சு நிக்கினம். தவத்துக்குப் பக்கத்தில நிக்கிறது யூட்டாத்தான் இருக்கவேணும்" என்று ஒரு தலையைத் தொட்டுக் காட்டினேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "அது இல்லை" என்றார். விரல் அந்தத் தலையைத் தாண்டி, இன்னொரு தலையையும் தாண்டி, மூன்றாவதில் போய் நின்றது. "இவன்தான். இரட்டைச் சுழி. ஞானஸ்நானத்துக்குத் தண்ணி ஊத்தேக்கை சுவாமி பாத்துட்டு, இவனுக்கு ரெண்டு கலியாணம் எண்டு பகிடி விட்டவர். ஒரு கலியாணமும் கட்டேல்லை என்ர பிள்ளை."

நானும் பார்த்தேன். மங்கலான வெளிச்சத்தில் எடுத்த படம். எனக்குத் தெரிந்தது மற்றத் தலைகளைப் போலவே கறுத்த தலைமயிர்தான்.

"இதை மட்டும் வெட்டி, இந்தக் கட்டத்துக்கு அளவாப் பெரிசாக்கித் தாரும்" என்றார்.

"படிவத்தில முகம் தெரியவேணும் எண்டு சொல்லுவினம், அக்கா," என்றேன். "இதில முகம் தெரியேல்லையே."

"உமக்குத்தான் தம்பி தெரியேல்லை" என்றார்.